பொன்விழாப் படம்

பதினோரு மணிக்குக் குழுப்படம் என்று விழாவை நடத்துகிற ஹெல்கா ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இப்போது மணி பத்து இருபது. மரக்குடிலின் வாசற்படியில் துண்டை விரித்துச் செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள், மேல்படியில் உட்கார்ந்து மாசிலாமணி அவள் முதுகுக்கு வெயில் களிம்பு தடவிக்கொண்டிருந்தார், வெளுத்த இடத்துக்கு இரண்டு பூச்சு, கறுத்த இடத்துக்கு ஒன்று. முப்பத்துநாலு வருஷமாக அந்த முதுகை அவளைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான், ஒவ்வொரு கோடையிலும் வெள்ளைத் திட்டுகளுக்குக் கணக்குச் சொல்வார், இந்த வருஷம் இலங்கை கொஞ்சம் பெருத்திருக்கு, அந்தமான் அப்படியேதான் இருக்கு என்று, அவளும் ஒவ்வொரு கோடையிலும் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. களிம்பின் குளிர்ச்சி நடுமுதுகில் இறங்கும்போது அந்தச் சீட்டு நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்ன, அது போகவே இல்லை. துண்டுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருந்தாள், உடுப்பே இல்லாத ஊரில் ஒரு சீட்டை வேறெங்கே வைப்பது, முந்தானை இல்லை, பை இல்லை, ரவிக்கைக்குள் செருகலாம் என்றால் ரவிக்கை இல்லை. இந்தப் படத்தில் நான் இருப்பதற்கும் அதை விழா மலரில் அச்சிடுவதற்கும் நகர நூலகத்தில் ஒரு மாதம் மாட்டிவைப்பதற்கும் எனக்குச் சம்மதம் என்று நாலு வரி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மாசிலாமணி தன்னுடையதைப் போன வாரமே கொடுத்துவிட்டார். அவளுடைய கோடு காலியாகவே கிடந்தது.

வடக்கு ஜெர்மனியில் ஓர் ஏரி, ஏரியைச் சுற்றிப் பைன் மரங்கள், மரங்களுக்குள் நாற்பது குடில்கள், நடுவில் புல்வெளி. இங்கே வருகிறவர்கள் வாசலிலேயே துணியைக் களைந்துவிட்டுத் தோளில் ஒரு துண்டோடு நடக்க வேண்டும், எங்கே உட்கார்ந்தாலும் அந்தத் துண்டைப் போட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இந்த உடுப்பில்லாச் சங்கத்துக்கு இது ஐம்பதாவது வருஷம், சனி ஞாயிறு இரண்டு நாளும் விழா. காலைப் பலகாரம் அவள் பொறுப்பு. ஆறு மணிக்கே அடுப்பைப் பற்றவைத்து இருநூற்றெண்பது உளுந்த வடை போட்டிருந்தாள், சமையலறையில் மட்டும் துணிக்கு அனுமதி உண்டு, கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால் எந்தக் கொள்கையும் நிற்காது. முன்னால் மட்டும் மறைக்கிற ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மாசிலாமணி வடை தட்டியதைப் பார்க்க வரிசையில் நின்றவர்களுக்குக் கண் கொள்ளவில்லை. ஏப்ரனுக்குப் பின்னால் அவர் இடுப்பில் கறுப்பு அரைஞாண் மட்டும். அதுவும் உடுப்புத்தானே என்று ஆரம்பத்தில் ஒருவர் கேட்டதற்கு, இது உடுப்பு இல்லை, நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரன் என்பதற்கு அடையாளம் என்று விறைப்பாகப் பதில் சொன்னவர் அவர். அவள் கழுத்திலும் தாலிச்சரடு அப்படித்தான். இந்த இரண்டு கயிறுகளையும் இருபத்தாறு வருஷமாகச் சங்கம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. அத்தனை வடையும் அரை மணியில் தீர்ந்துவிட்டன. அந்தச் சந்தோஷத்தில் இருந்திருக்கலாம், இருக்க விடவில்லையே, வியாழக்கிழமை அமுதன் போனில் சொன்னது காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

அமுதன் அவர்களுடைய ஒரே பிள்ளை. முப்பத்தொன்று ஆகிறது, நகரத்தில் ரயில்வேயில் பொறியாளர். இந்த ஏரியில்தான் அவன் நீச்சல் கற்றான், பன்னிரண்டு வயதுக்குப் பிறகு வர மாட்டேன் என்றான், சரி என்று விட்டுவிட்டார்கள், வற்புறுத்துகிற விஷயமா இது. இப்போது அவனுக்கு ஒரு பெண் அமைந்திருக்கிறாள், நறுமுகை, இவனே பார்த்துப் பேசிப் பிடித்துப்போனது, அவளுடைய அப்பா சுந்தரேசன் அதே நகரத்தில் மருந்துக் கம்பெனியில் வேலையாக இருக்கிறார். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அமுதன் காரிலேயே மெதுவாகச் சொன்னான், அம்மா, முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கோயேன், அங்கே குளிரும். மே மாதத்தில் என்ன குளிர். அவள் போட்டுக்கொண்டாள். மறுகேள்வி இல்லாமல் போட்டுக்கொண்டதுதான் இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது, சின்ன வயதில் பழகின கை தானாகவே சட்டைக்குள் நுழைந்துகொண்டது. ஆனாலும் விரல்களை எங்கே ஒளிப்பது, உதட்டோரத்தை என்ன செய்வது, பெண்ணின் அம்மா காபிக் கோப்பையை நீட்டும்போது கோப்பையைப் பார்க்காமல் விரல்களைத்தான் பார்த்தாள். வியாழக்கிழமை போனில் அமுதன் சொன்னான், “நூலகத்துல படம் வைக்கிறாங்களாமே. நறுமுகை அம்மா அங்கதான் தமிழ் வகுப்பு எடுக்கறாங்க. இந்த ஒரு தடவை நீங்க ரெண்டு பேரும் படத்துல வேண்டாம்மா.” சரிப்பா, யோசிக்கிறேன் என்றாள். அத்தோடு வைத்திருக்கலாம். அவன் வைக்கவில்லை, ஏற்கெனவே அவங்க ஒண்ணு கேட்டாங்க என்றான். என்ன கேட்டாங்க. அது பரம்பரையா வருமான்னு.

பரம்பரையா வருமா. வெங்காயம் நறுக்கும்போது அது வந்தது, உளுந்து ஊறும்போது வந்தது, ராத்திரி திரும்பிப் படுத்தால் அந்தப் பக்கமும் வந்து படுத்துக்கொண்டது. முப்பது வருஷம் டயாலிசிஸ் பிரிவில் நர்சாக இருந்தவள் அவள், அந்தக் கேள்விக்கு மருத்துவம் என்ன சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும். சில குடும்பங்களில் வரும், பலவற்றில் வராது, வந்தால் தோலின் நிறம் போகுமே தவிர வேறொன்றும் போகாது. தெரிந்து என்ன, அந்தக் கேள்வி மருத்துவரிடம் கேட்கப்பட்டதில்லையே, அவள் பிள்ளையிடம் கேட்கப்பட்டது, அவன் அதைச் சுமந்துகொண்டு மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறான். அது அவளுக்குச் சுட்டது. அவனுக்காகச் சுட்டதா தனக்காகச் சுட்டதா என்று பிரித்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை. கையைத் தூக்குடி என்றார் மாசிலாமணி. தூக்கினாள். அக்குளுக்குக் கீழே களிம்பு போனது. இந்த மனுஷன் ஒன்றும் கேட்க மாட்டார். சீட்டு துண்டுக்கு அடியில் இருப்பது அவருக்குத் தெரியும், படியேறும்போதே பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத் துண்டின் ஓரத்தை இழுத்து அதன்மேல் மூடிவிட்டார்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற கடை வைத்திருந்தார் அவளுடைய அப்பா. அவளுக்குப் பதின்மூன்று வயதில் வலது முழங்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. தேமல் என்றார்கள். தேமல் இவ்வளவு வெள்ளையாக இருக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், மறுநாளே தெருவுக்கு அதன் பெயர் தெரிந்துவிட்டது, குட்டம் என்கிற வார்த்தையை முன்னால் வெண் சேர்த்தும் சேர்க்காமலும் சொன்னார்கள். கார்போகரிசி எண்ணெயைக் கையில் தடவி வெயிலில் நீட்டிக்கொண்டு மொட்டைமாடியில் இருக்க வேண்டும், தோல் கொப்பளித்து நீர் கோத்துக்கொள்ளும், கொப்பளித்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாம். வேலை செய்யவில்லை. புளி கூடாது, மீன் கூடாது, பாலும் மீனும் சேரவே கூடாது, கூடாததை எல்லாம் விட்டுப் பார்த்தும் அது தன்பாட்டுக்கு மணிக்கட்டுக்கு வந்தது, கழுத்துக்கு ஏறியது, உதட்டோரம் போய் உட்கார்ந்தது. அதற்குள் எல்லாரும் அவளுக்கு முழுக்கை ரவிக்கை தைத்துவிட்டார்கள். தங்கை வடிவுக்குக் கல்யாணம் முதலில் கூடியது, அக்கா இருக்கும்போது தங்கைக்கா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததுதான் பதில். அந்தக் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது அம்மா வந்து, பந்திக்கு இலை பத்துமான்னு பின்கட்டுல போய்ப் பாரேன் என்றாள். போய்ப் பார்த்தாள். இலை ஏராளமாக இருந்தது. எண்ணிக்கொண்டு நின்றாள், அறுபது எழுபது எண்பது, முன்னால் கேமராக்காரர் சிரிங்க சிரிங்க என்பது கேட்டது, அம்மா பொய் சொல்லத் தெரியாதவள், அதனால்தான் இலையை நினைத்திருக்கிறாள், பாவம். கோபம்கூட அன்றைக்கு வரவில்லை. அந்தப் படம் இன்றும் வடிவு வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது, பதினேழு பேர், ஊருக்குப் போகும்போதெல்லாம் செண்பகவல்லி அதற்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவாள்.

எழுந்திரு, கால்ல நீயே போட்டுக்கோ என்று மாசிலாமணி குழாயைக் கையில் கொடுத்தார். காலில் போட்டுக்கொண்டாள். இடது முழங்கால் முழுக்க வெள்ளை, வலது முழங்காலில் பாதி. அறுபத்தொரு வயது வயிறு மடிந்து தொடையில் உட்கார்ந்தது, சிசேரியன் தழும்பு அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது, இவையெல்லாம் அவளுக்கு நல்ல பழக்கம், வீட்டுச் சாமான் மாதிரி. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் இப்படி இல்லை. வார்டில் தலைமை நர்சாக இருந்த ஹெல்கா, வெயில் காலத்திலும் மணிக்கட்டுவரை சட்டை போடுகிறவளை ரொம்ப நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் என்னோடு ஏரிக்கு வா என்றாள். எந்த மாதிரி ஏரி என்று வந்த பிறகுதான் தெரிந்தது. ஹெல்கா முதலில் தன் சட்டையைக் கழற்றினாள், ஒரு மார்பு இருந்தது, இன்னொன்று இருந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அந்தக் கோட்டோடு அவள் வாலிபால் ஆடப் போனாள். செண்பகவல்லி இரண்டு சனிக்கிழமை சுடிதாரோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனாள், விருந்தாளி என்று விட்டுவிட்டார்கள். மூன்றாவது சனிக்கிழமை ஏன் கழற்றினாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. வெயில் ரொம்பவும்தான், ஆனால் வெயில் காரணமில்லை. பார்ப்பார்கள் பார்ப்பார்கள் என்று உடம்பெல்லாம் காதாகி நின்றாள், எவரும் பார்க்கவில்லை, அதில் ஒரு ஏமாற்றம்கூட வந்தது, இருபத்திரண்டு வருஷம் ஒளித்துவைத்தது இவ்வளவுதானா என்று. ஒரு சின்னப் பெண் மட்டும் கிட்டே வந்து, எங்க பெரியப்பா பண்ணையில உன்னை மாதிரியே ஒரு மாடு இருக்கு, அதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச மாடு என்றாள். தாய்க்காரி சிவந்துபோய் ஓடிவந்தாள். செண்பகவல்லி சிரித்தாள். தன் தோலைப் பற்றி ஒருவர் சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து அது கழுத்தில் இறங்கி மறைக்க எதுவும் இல்லாத மார்பில் ஓடியது. அடுத்த வாரம் மாசிலாமணியைக் கூட்டிவந்தாள். எங்க ஊர் ஆத்துல கோவணத்தோட குளிச்சவன்தானே, கோவணம் ஒண்ணுதானே குறைச்சல் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கியவர்தான்.

அவரும் முதலில் பார்த்தது இவள் கையைத்தான். அவள் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்கு வந்த புதிதில், இங்கே ஒரு பட்டறையில் விரல் நசுங்கி மருத்துவமனைக்கு வந்தார், கட்டுப் போட்டது இவள், தமிழ் பேசுகிற நர்ஸ் என்று தெரிந்ததும் ஆறாத விரலுக்கு ஆறு தடவை வந்தார், ஆறாவது தடவை கல்யாணம் பண்ணிக்கலாமா என்று கேட்டேவிட்டார். பதில் சொல்வதற்கு முன்னால் அவள் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி நீட்டினாள், பார்த்துக்கோங்க, இன்னும் நிறைய இருக்கு என்று. அவர் கட்டுப் போட்ட விரலால் தொட்டுப் பார்த்தார். வலிக்குமா என்றார். வலிக்காது. அப்ப சரி.

மணி பத்து ஐம்பது. புல்வெளியில் ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள், நூற்று நாற்பது பேர், எல்லாரும் வயது வந்தவர்கள், சிறுவர்களைப் படத்தில் சேர்ப்பதில்லை என்பது முதல் வருஷத்திலிருந்தே விதி. பெஞ்சுகளை மூன்று அடுக்காகப் போட்டிருந்தார்கள், முன் வரிசைக்குப் புல்லில் துண்டு விரித்து உட்கார வேண்டும். செண்பகவல்லி சீட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள், காகிதம் களிம்பில் ஊறிக் கசங்கியது. ஒரு படம்தானே, பிள்ளையின் கல்யாணத்தைவிடவா பெரிசு, இல்லை என்றால் இல்லை, ஹெல்கா ஒன்றும் சொல்லப் போவதில்லை, ஏற்கெனவே சொல்லியும்விட்டாள், படம் வேண்டாதவர்கள் ஆப்பிள் மரத்துப் பக்கம் வேலிக்குப் பின்னால் நில்லுங்கள், காபி வைத்திருக்கிறேன், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று. நல்ல மனுஷி. அமுதன் பிறந்தபோது அவன் உடம்பை அங்குலம் அங்குலமாக அவள் பார்த்தது நினைவு வந்தது, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குளிப்பாட்டுகிற சாக்கில் முழங்கையைப் பார்ப்பாள், பதின்மூன்றாவது வயதில் தினமும் பார்த்தாள், அப்படியானால் தானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள், பரம்பரையா வருமா, அந்த அம்மாள் மேல் என்ன கோபம். வரவில்லை என்று நிம்மதிப்பட்டாளே, அந்த நிம்மதி எதைச் சொல்லியது, வந்திருந்தால் இவன் மட்டமாகியிருப்பான் என்றா. இதை யோசிக்க யோசிக்க கால் தானாகவே ஆப்பிள் மரத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

வேலிக்குப் பின்னால் ஆறு பேர் நின்றார்கள். ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு வக்கீல், விவாகரத்து வழக்கு நடக்கிற ஒரு பெண், மற்றவர்கள். அவரவருக்கு அவரவர் காரணம், அதில் ஒன்றும் கேவலமில்லை. அவளைக் கண்டதும் ஆசிரியர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், வக்கீல் கோப்பையில் காபி ஊற்றி நீட்டினார், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தக் கேட்காமைதான் அவளை உலுக்கியது. அவ்வளவு அன்பாக, அவ்வளவு இயல்பாக இடம் விடுகிறார்கள், இங்கேதானே நீ வருவாய் என்பதுபோல. வேலிக்கு அந்தப் பக்கம் படம் பிடிக்கிறவர் இன்னும் நெருங்கி நில்லுங்கள் என்று கத்துவது கேட்டது, மனசு எதையோ எண்ண ஆரம்பித்தது, அறுபது எழுபது எண்பது, எண்ணுவதற்கு இங்கே என்ன இருக்கிறது, ஆப்பிள்கூட இன்னும் பிஞ்சு. அன்றைக்கு அம்மா அனுப்பினாள், போனேன். இன்றைக்கு யார் அனுப்பினார்கள். பிள்ளை வேண்டாம் என்றுதான் சொன்னான், போய் ஒளிந்துகொள் என்று சொல்லவில்லை, நடந்து வந்தது என்னுடைய கால். அந்த அம்மாள் காபிக் கோப்பையின் மேல் விரலைப் பார்த்தாள், பார்த்தால் பார்க்கட்டுமே, அந்த விரல்தான் ஆயிரக்கணக்கான பேருடைய கையில் ஊசி போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது, ஒருவராவது வேறு விரல் வேண்டும் என்று கேட்டாரா.  மன்னியுங்கள் என்று சொல்லிக் காபியைத் திருப்பிக் கொடுத்தாள். உங்களிடம் பேனா இருக்கிறதா என்று வக்கீலைக் கேட்டாள். அம்மணமாக நின்ற வக்கீல் காதுமேல் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்தார். வேலிக் கட்டைமேல் சீட்டை வைத்து நீவிக் கையெழுத்துப் போட்டாள், களிம்பில் பென்சில் வழுக்கியது, அழுத்தி இரண்டாம் தரம் போட்டாள்.

வேலியைச் சுற்றி வந்தபோது வரிசையெல்லாம் நின்றுவிட்டது, படம் பிடிக்கிறவர் ஏணிமேல் ஏறிவிட்டார். பின் வரிசையில் ஒதுங்கி நிற்க நிறைய இடம் இருந்தது, உயரமான ஆட்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரியும். அவள் புல்வெளியின் குறுக்கே நேராக நடந்தாள், நூற்று முப்பத்துமூன்று பேரும் பார்த்தார்கள், இந்தத் தடவை உண்மையிலேயே பார்த்தார்கள், வேறு யாரும் அசையாதபோது அசைகிறவளைப் பார்க்காமல் எப்படி. பார்க்கட்டும். முதுகு தானாக நிமிர்ந்தது. முன் வரிசையில் நடுவில் உட்கார்ந்திருந்த ஹெல்காவிடம் சீட்டைக் கொடுத்தாள், ஹெல்கா அதை வாங்கிப் பார்க்காமலே தன் துண்டுக்கு அடியில் வைத்தாள், நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் வரிசையிலிருந்து மாசிலாமணி எழுந்து பெஞ்சைத் தாண்டி, இவரிடம் மன்னியுங்கள் அவரிடம் மன்னியுங்கள் என்று எல்லாரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார், வந்து பக்கத்தில் உட்கார்ந்து, “நீ காபி குடிக்கப் போயிட்டியோன்னு நினைச்சேன்,” என்றார். குடிக்கலை என்றாள். வலது முழங்கையை முழங்கால்மேல் ஊன்றி வைத்துக்கொண்டாள், அது முன்னால் இருக்க வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது. மேகம் விலகும்வரை படம் பிடிக்கிறவர் காத்திருக்கச் சொன்னார், எல்லாரும் காத்திருந்தார்கள், அவளுக்கு அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீண்டாலும் சரி என்றிருந்தது. வெயில் வந்தது. மூன்று தடவை எடுத்தார்.

கூட்டம் கலைந்து கேக்கை நோக்கிப் போனபோது அவள் குடிலுக்கு வந்து போனை எடுத்தாள், உட்காராமல் நின்றுகொண்டே அமுதனைக் கூப்பிட்டாள். நூலகத்தில் பார்த்து யாரோ சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது. படத்தில் இருக்கிறேன் என்றாள், அப்பாவும் இருக்கிறார், முன் வரிசை.  கோபமா அழுகையா என்று போனில் கேட்ட அவன் மூச்சை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை, குழந்தையாக இருந்தபோதும் அவன் இப்படித்தான், இரண்டுக்கும் ஒரே மூச்சு. உன்மேல தப்பில்லைப்பா, அன்னைக்கு அந்த ஸ்வெட்டரை நான் போட்டிருக்கக் கூடாது என்றாள். கடைசியில் அவன், நறுமுகைக்கு ஒன்றும் இல்லை, அவளுக்கு எல்லாம் தெரியும், அவங்க வீட்டில்தான் நான் என்ன சொல்வது என்றான். 

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். அடுத்த ஞாயித்துக்கிழமை நானே போறேன்.”

“போயி என்னம்மா சொல்லப் போற?”

“அவங்க ஒண்ணு கேட்டாங்கல்ல, அதுக்குப் பதில் சொல்லணும்ல. வரலாம், வராமலும் போகலாம். வந்தா எப்படி இருக்கும்னு என்னைப் பாத்துக்கச் சொல்லப் போறேன்.”